என்ரோல் பண்ணா போதுமா? ஆன்லைன் கோர்ஸில் புழங்கும் சொற்கள்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இந்த வாரம் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோட ஆரம்பிக்கிறேன்.

என் சித்தி பொண்ணு ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கா. காலேஜ் மூணாவது வருஷம். போன ஜூலை மாசம் எனக்கு போன் பண்ணா. "அண்ணே, ஒரு ஆன்லைன் கோர்ஸ்ல சேர்ந்திருக்கேன். 12 வாரம். பாஸ் பண்ணா காலேஜ்ல கிரெடிட் தர்றாங்களாம். வேற ஏதாச்சும் பண்ணணுமாண்ணே?"

நான் ஒரு மீட்டிங்குக்குள்ள போற அவசரத்துல இருந்தேன். "என்ரோல் பண்ணிட்டல்லம்மா, அவ்வளவுதான். வாராவாரம் அசைன்மென்ட்டை மட்டும் விட்டுறாத"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

அவ விடல. ஒரு அசைன்மென்ட்கூட விடல. அக்டோபர்ல மறுபடி போன். "அண்ணே, கூடப் படிக்கிறவங்களுக்கெல்லாம் ஹால் டிக்கெட் வந்துருச்சு. எனக்கு வரலண்ணே."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பரீட்சைக்குத் தனியா ரெஜிஸ்டர் பண்ணி, தனியா பணம் கட்டியிருக்கணும். அதுக்கான கடைசி தேதி எப்பவோ போயிருச்சு. சான்றிதழ் கிடையாது, கிரெடிட் கிடையாது. அந்த கிரெடிட்டுக்குப் பதிலா அடுத்த செமஸ்டர்ல அவ ஒரு பேப்பர் கூடுதலா எழுதணும்.

தளத்தோட பேரை நான் சொல்லப் போறதில்ல. தப்பு அவங்களோடது இல்ல. தேதி அந்தப் பக்கத்துல தெளிவாத்தான் இருந்துச்சு. தப்பு என்னோடது. இதுல பெரிய கொடுமை என்னன்னா, என் வேலையே ஆன்லைன் கோர்ஸ் வடிவமைக்கிறதுதான். என்ரோல் வேற, ரெஜிஸ்ட்ரேஷன் வேறன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியும். ஆனா அந்த வித்தியாசம் அவளுக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன்.

அதனால இந்த எபிசோட் முழுக்கச் சொற்கள்தான். அகராதி மாதிரி வாசிக்கப் போறதில்ல. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு ஒண்ணு இருக்கு. அந்த முடிவு உங்க நேரத்தையும் பணத்தையும் எப்படித் தொடுதுங்கிறதைத்தான் பார்க்கப் போறோம்.

மூக்: நாலு எழுத்து, நாலு வாக்குறுதி

மாசிவ், ஓப்பன், ஆன்லைன், கோர்ஸ். இந்த நாலோட முதல் எழுத்துகளைச் சேர்த்தா மூக். பெரும் எண்ணிக்கையிலான ஆட்களுக்கான, திறந்த இணையவழிப் படிப்பு.

இந்தச் சொல் 2008-ல பிறந்தது. கனடாவுல மனிடோபா பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ்னு ரெண்டு பேர் ஒரு கோர்ஸ் நடத்தினாங்க. பணம் கட்டிச் சேர்ந்த மாணவர்கள் 25 பேர். இணையத்துல சும்மா வந்து சேர்ந்துக்கிட்டவங்க 2,000-க்கும் மேல. இதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு யோசிச்சப்ப டேவ் கார்மியர் சொன்ன சொல்தான் மூக்.

2011-ல ஸ்டான்ஃபோர்டுல செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்துல திறந்து விட்டாங்க. சேர்ந்தவங்க சுமார் 1,60,000 பேர். அடுத்த வருஷமே கோர்செரா, எட்எக்ஸ், யுடாசிட்டி எல்லாம் களத்துக்கு வந்துருச்சு.

நம்ம ஊர்க் கதை அதுக்கும் முந்தினது. தமிழ்நாடு அரசு 2001-லயே தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்குச்சு. இன்னைக்கு அதோட பேர் தமிழ் இணையக் கல்விக்கழகம். வெளிநாட்டுல இருக்கிற தமிழ்ப் பிள்ளைங்க இணையம் வழியா தமிழ் படிக்கணும்னு வந்தது. 2003-ல ஐஐடிக்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் தொடங்கினாங்க. முதல்ல வெறும் வீடியோ பாடங்கள். 2014-லதான் அசைன்மென்ட், பரீட்சை, சான்றிதழ்னு அது மூக் வடிவத்துக்கு மாறுச்சு. 2017 ஜூலையில மத்திய அரசோட ஸ்வயம் தளம் வந்துச்சு. இப்ப என்பிடெல் கோர்ஸ்கள் அதுக்குள்ளதான் நடக்குது.

இந்த வரலாற்றைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. வீடியோவைத் திறந்து வைக்கிறது வேற, கோர்ஸ் நடத்துறது வேற. கோர்ஸ்னா தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, கேள்வி கேட்க ஒரு ஆள், நீங்க கத்துக்கிட்டீங்களான்னு பார்க்க ஒரு வழி, இதெல்லாம் இருக்கணும். யூடியூப் பிளேலிஸ்ட்டை யாராவது மூக்னு சொன்னா, இந்த நாலும் இருக்கான்னு பாருங்க.

என்ரோல், ஆடிட், ரெஜிஸ்ட்ரேஷன்

மூணு கதவு. வரிசையா வரும்.

என்ரோல்னா வகுப்புக்குள்ள நுழையுறது. ஸ்வயம், என்பிடெல்ல இது இலவசம். வீடியோ பார்க்கலாம், அசைன்மென்ட் போடலாம், சந்தேகம் கேட்கலாம்.

ஆடிட்ங்கிறது தனியார் தளங்கள்ல அதிகம் புழங்குற சொல். கணக்குத் தணிக்கைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. 'மார்க் இல்லாம உட்கார்ந்து கேக்குறது'ன்னு அர்த்தம். பாடத்தைப் பார்க்கலாம். ஆனா மதிப்பெண் உள்ள அசைன்மென்ட்டும் சான்றிதழும் பல இடங்கள்ல பூட்டியே இருக்கும். இலவசம்னு போட்டிருந்தா, ஆடிட் இலவசமா, முழுசா இலவசமான்னு கேளுங்க.

எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன் மூணாவது கதவு. இதுக்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம், தனிக் கடைசி தேதி. என்பிடெல்ல ஒரு கோர்ஸுக்குப் பொதுவா 1,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தக் கடைசி தேதி கோர்ஸ் முடியுறப்ப வராது. கோர்ஸ் நடந்துக்கிட்டு இருக்கும்போதே வந்து போயிரும். ஏன்னா எத்தனை பேர், எந்த ஊர்னு முன்கூட்டியே தெரிஞ்சாத்தான் தேர்வு மையம் ஏற்பாடு பண்ண முடியும்.

என் தங்கச்சி முதல் கதவைத் திறந்து உள்ள போயிட்டா. மூணாவது கதவு இருக்குன்னே தெரியாது. ஓப்பன்ங்கிற சொல் முதல் கதவைப் பத்தி மட்டும்தான் பேசுது.

கம்ப்ளீஷன் ரேட்: வடம் பிடிச்சவங்க எத்தனை பேர், நிலைக்கு வந்தது யாரு

ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். வடத்துல யார் வேணா கை வைக்கலாம். ஆயிரக்கணக்குல வருவாங்க. சிலர் ரெண்டு நிமிஷம் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போயிருவாங்க. சிலர் ஒரு தெரு வரைக்கும் இழுப்பாங்க. தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் கூட வர்றவங்க கொஞ்சம் பேர்தான். வடம் தொட்டவங்க எண்ணிக்கை என்ரோல்மென்ட். நிலை வரைக்கும் வந்தவங்க விகிதம் கம்ப்ளீஷன் ரேட், அதாவது முடித்தவர் விகிதம்.

ஸ்டான்ஃபோர்டு கோர்ஸ்ல 1,60,000 பேர் சேர்ந்தாங்கன்னு சொன்னேன்ல, முடிச்சவங்க 20,000-க்குக் கொஞ்சம் மேல. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ்ல நடத்தின கோர்ஸ்களோட தரவுகளை வச்சு ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருய்பெரெஸ் வலியென்டேயும் 2019-ல சயின்ஸ் இதழ்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. 2017-18-ல சேர்ந்தவங்கள்ல முடிச்சவங்க 3.13 சதவீதம். பதிவு பண்ணவங்கள்ல பாதிக்கு மேல பாடப் பக்கத்துக்குள்ளயே போகல. ஆனா பணம் கட்டிச் சான்றிதழ் வழியைத் தேர்ந்தெடுத்தவங்களை மட்டும் எடுத்தா, 46 சதவீதம் பேர் முடிச்சிருக்காங்க.

ஒரே கோர்ஸ்கள்தான். ஒரு கணக்குல 3, இன்னொரு கணக்குல 46. எதால வகுக்கிறோம்ங்கிறதுல விஷயம் இருக்கு. அதனால "எங்க கோர்ஸ்ல 1 லட்சம் பேர்"னு விளம்பரம் வந்தா, அது வடம் தொட்ட கணக்குன்னு எடுத்துக்கோங்க. "மூக் எல்லாம் தோல்வி, 100-ல 3 பேர்தான் முடிக்கிறான்"னு யாராவது சொன்னா, அதையும் அப்படியே நம்பாதீங்க. ஒரே ஒரு வாரத்துப் பாடம் மட்டும் வேணும்னு வந்து, அதைப் படிச்சுட்டுப் போனவரும் அந்தக் கணக்குல 'விட்டுட்டுப் போனவர்'தான்.

கோஹார்ட், செல்ஃப்-பேஸ்ட், டெட்லைன்

எல்லாரும் ஒரே நாள்ல தொடங்கி, வாராவாரம் சேர்ந்து நகர்ந்து, ஒரே நாள்ல முடிக்கிற குழுவுக்குப் பேர் கோஹார்ட். என்பிடெல் கோர்ஸ்கள் இப்படித்தான் ஜனவரியிலயும் ஜூலையிலயும் தொடங்கும். அவங்கவங்க வேகத்துல எப்ப வேணா தொடங்கி எப்ப வேணா முடிக்கிறது செல்ஃப்-பேஸ்ட்.

கேக்குறதுக்கு செல்ஃப்-பேஸ்ட் சுகமா இருக்கும். ஆனா 'எப்ப வேணா' பெரும்பாலும் 'எப்பவுமே இல்ல'ன்னு ஆயிரும். நம்ம எல்லார் லேப்டாப்லயும் 20 சதவீதத்துல நிக்கிற ஒரு கோர்ஸ் இருக்கும்ல, அதான். கோஹார்ட்ல கூட ஆள் இருக்கு, தேதி இருக்கு. தேருக்கு முட்டுக்கட்டை போடுறதைப் பார்த்திருப்பீங்க. பேச்சு வழக்குல முட்டுக்கட்டைன்னா தடை. தேரடியில அதுதான் தேரைத் திருப்பி, ஓடாம நிறுத்தி, கொண்டுபோய்ச் சேர்க்குது. நல்ல டெட்லைன் அந்த வேலையைச் செய்யும்.

ஆனா அது எல்லாருக்கும் ஒரே மாதிரி விழாது. என் ஸ்கூல் நண்பன் ஒருத்தன் இராஜபாளையத்துல ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்க்குறான். மூணு ஷிப்ட், வாரத்துக்கு ஒரு தடவை மாறும். மூணு வாரத்துக்கு ஒரு வாரம் நைட். 12 வாரக் கோர்ஸ்ல கணக்குப் போட்டா 4 வாரம் நைட் ஷிப்ட். அந்த வாரங்கள்ல அவனால வீடு வந்து தூங்க மட்டும்தான் முடியும்.

இப்ப என்பிடெல்லோட ஒரு விதியைப் பாருங்க. 12 வாரக் கோர்ஸ்ல 12 அசைன்மென்ட் இருக்கும். அதுல நல்ல மார்க் வாங்கின 8 மட்டும்தான் கணக்குல வரும். 8 வாரக் கோர்ஸ்னா 6, 4 வாரக் கோர்ஸ்னா 3. அதாவது 12-ல 4 போனாலும் மார்க்ல அடி விழாது. அவனோட நைட் ஷிப்ட் வாரங்களும் சரியா 4. அவனுக்காகவே போட்ட விதி இல்ல. ஆனா காய்ச்சல், கல்யாணம், திருவிழா, ஷிப்ட்னு வாழ்க்கை இருக்கிறவங்களும் படிப்பாங்கன்னு யாரோ யோசிச்சிருக்காங்க. வடிவமைப்புல இதுக்குப் பேர் நெகிழ்வு. கோர்ஸ் பக்கத்துல இது ஒத்த வரியாத்தான் இருக்கும். தேடிப் படிங்க.

லேர்னிங் அவுட்கம், மாட்யூல், நாலு கால்பகுதி

இப்ப உள்பக்கம் போவோம். நாங்க ஒரு கோர்ஸ் கட்டும்போது முதல்ல எழுதுறது பாடத்தை இல்ல. முடிவை. 'இந்தக் கோர்ஸை முடிச்சவர் என்ன செய்வார்?' இதுதான் லேர்னிங் அவுட்கம், கற்றல் விளைவு. அங்கிருந்து பின்னோக்கி வந்து, அதை எப்படிச் சோதிப்போம், அதுக்கு என்ன சொல்லிக்கொடுக்கணும்னு போறதுக்குப் பேர் பேக்வர்ட் டிசைன். 1998-ல கிராண்ட் விகின்ஸ், ஜே மெக்டை ரெண்டு பேரும் எழுதின புத்தகத்துலேருந்து இது பரவுச்சு.

ஒரு உதாரணம். இராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். அங்க தொழிலுக்கு வர்றவங்களுக்கு ஒரு கோர்ஸ்னு வச்சுக்கோங்க. "பேண்டேஜ் துணியின் தரத்தைப் புரிந்துகொள்வீர்கள்"னு எழுதினா அது அவுட்கம் இல்ல. புரிஞ்சுதான்னு எப்படிப் பார்ப்பீங்க? "ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தால், ஒரு இன்ச்சுக்குப் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை என்று எண்ணிச் சொல்வீர்கள்"னு எழுதினா, அது அவுட்கம். செஞ்சு காட்டச் சொல்லலாம், சரியா தப்பான்னு பார்க்கலாம். நீங்க ஒரு கோர்ஸைப் பணம் போட்டு வாங்கப் போறீங்கன்னா, அவுட்கம் பட்டியல்ல 'அறிவீர்கள், உணர்வீர்கள்'னு மட்டுமே இருக்கா, 'எழுதுவீர்கள், கணக்கிடுவீர்கள், கட்டுவீர்கள்'னு இருக்கான்னு பாருங்க.

மாட்யூல்ங்கிறது அலகு. பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு ஒண்ணு. அதுக்குள்ள சின்னச் சின்ன வீடியோ. ஏன் சின்னது? எட்எக்ஸ்ல வீடியோ பார்த்த 69 லட்சம் அமர்வுகளை ஆராய்ஞ்சு பிலிப் குவோவும் அவரோட குழுவும் 2014-ல சொன்னாங்க: வீடியோ எவ்வளவு நீளமா இருந்தாலும், ஒரு சராசரி ஆள் ஒட்டிக்கிட்டு இருக்கிறது அதிகபட்சம் 6 நிமிஷம். ஒரு மணி நேர வகுப்பைக் கேமரா வச்சு அப்படியே எடுத்துப் போடுறதுக்கும், இணையத்துக்குன்னே தயாரிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஸ்வயம்ல நாலு கால்பகுதின்னு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு கோர்ஸ்லயும் வீடியோ பாடம், படிக்கிறதுக்கான எழுத்துப் பாடம், தன்னைத்தானே சோதிக்கிற கேள்விகள், சந்தேகம் கேட்க ஒரு இடம்னு நாலும் இருக்கணும். இதுல எழுத்துப் பாடத்தைக் குறைச்சு எடை போடாதீங்க. நெட் மெதுவா இருக்கிற கிராமத்துல வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும். 2 பக்க எழுத்து உடனே திறக்கும். வீடியோவுல பேசுறதை அப்படியே எழுத்தாக்கித் தர்றதுக்கு டிரான்ஸ்கிரிப்ட்னு பேர். என்பிடெல்ல பல கோர்ஸ்களுக்கு அது தமிழ் மொழிபெயர்ப்புலயும் கிடைக்குது. இங்கிலீஷ்ல கேட்டுட்டு, புரியாத இடத்தைத் தமிழ்ல படிச்சுக்கலாம்.

குவிஸ், ரூப்ரிக், பிராக்டர்

சோதனை ரெண்டு வகை. படிச்சுக்கிட்டு இருக்கும்போதே எங்க நிக்குறோம்னு காட்டுறது ஃபார்மேட்டிவ், வளர்நிலை மதிப்பீடு. கடைசியில மொத்தமா எடை போடுறது சம்மேட்டிவ், திரள்நிலை மதிப்பீடு. ஒரு லட்சம் பேர் விடைத்தாளை ஒரு பேராசிரியர் திருத்த முடியாது. அதனால கொள்குறி வினா வச்சு, மெஷின் திருத்தும். இது ஆட்டோ-கிரேடிங். கட்டுரை, வடிவமைப்பு மாதிரி வேலைகளுக்கு அது சரிப்படாது. அங்கதான் பியர் அசெஸ்மென்ட். உங்க வேலையைச் சக மாணவர்கள் சில பேர் திருத்துவாங்க, அவங்களோடதை நீங்க திருத்துவீங்க. சண்டை வராம இருக்க, எதுக்கு எத்தனை மார்க்னு முன்னாடியே எழுதிக் கொடுக்குற அட்டவணைதான் ரூப்ரிக்.

பிராக்டர்னா தேர்வுக் கண்காணிப்பாளர். பிராக்டர்டு எக்ஸாம்னா கண்காணிப்போட நடக்கிற பரீட்சை. சில தளங்கள்ல உங்க வெப்கேமரா வழியா பார்ப்பாங்க. என்பிடெல்ல நேரா மையத்துக்குப் போய், கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து எழுதணும். அதனால தேர்வு நாள் மட்டும் இது ஆன்லைன் கோர்ஸ் இல்ல, பஸ் பிடிச்சுப் போற கோர்ஸ்! பதிவு பண்ணும்போதே தேர்வு ஊரைக் கவனமா தேர்ந்தெடுங்க.

மார்க் கணக்கையும் சொல்லிடுறேன். என்பிடெல்ல அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75. சான்றிதழ் வேணும்னா அசைன்மென்ட்ல 25-க்கு 10-உம், பரீட்சையில 75-க்கு 30-உம் தனித்தனியா வாங்கணும். ஒருத்தர் அசைன்மென்ட்ல 25-க்கு 25 வாங்கி, பரீட்சையில 100-க்கு 38 எடுக்கிறார்னு வைங்க. 75-க்கு மாத்தினா 28.5. கூட்டினா 53.5. மொத்தத்துல 40-ஐத் தாண்டியாச்சு. ஆனா பரீட்சையில 30 வரல, அதனால சான்றிதழ் இல்ல. இன்னொருத்தர் அசைன்மென்ட்ல 15, பரீட்சையில 33, மொத்தம் 48. இவருக்குச் சான்றிதழ் உண்டு. கூட்டல் கம்மி, ஆனா ரெண்டு வாசலையும் தாண்டிட்டார். 60-லேருந்து எலீட், 75-லேருந்து எலீட்டோட சில்வர், 90-லேருந்து எலீட்டோட கோல்டு.

கிரெடிட், லோக்கல் சாப்டர், ஸ்பாக்

சான்றிதழ் வேற, கிரெடிட் வேற. சான்றிதழ் தர்றது கோர்ஸ் நடத்துறவங்க. அதை உங்க பட்டப்படிப்புல சேர்த்துக்கிறது உங்க காலேஜ், உங்க பல்கலைக்கழகம். பொதுவா 12 வாரக் கோர்ஸுக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1. பல்கலைக்கழக மானியக் குழு 2016 விதிமுறையில ஒரு செமஸ்டர் பாடங்கள்ல 20 சதவீதம் வரைக்கும் ஸ்வயம் வழியா படிக்கலாம்னு சொல்லிச்சு. 2021 விதிமுறையில அது 40 சதவீதமாச்சு. ஆனா இது மேல் வரம்பு. உங்க காலேஜ் எந்தக் கோர்ஸை எந்தப் பாடத்துக்குப் பதிலா ஏத்துக்கும்ங்கிறதை அவங்கதான் முடிவு பண்ணணும். படிச்சு முடிச்சுட்டு, "சார், இதைச் சேர்த்துக்கோங்க"ன்னு போய் நிக்காதீங்க. முதல்லயே எழுத்துல வாங்கிக்கோங்க.

காலேஜ்ல என்பிடெல் வேலைகளைக் கவனிக்கிற கிளைக்கு லோக்கல் சாப்டர்னு பேர். அதுக்குப் பொறுப்பான ஆசிரியர் ஸ்பாக், சிங்கிள் பாயின்ட் ஆஃப் கான்டாக்ட். உங்க ஊர்ல உங்களுக்கு ஒரு ஆள். ஆனா வடிவமைப்புப் புத்தகங்கள்ல ஸ்பாக்னு படிச்சா அது வேற: ஸ்மால் பிரைவேட் ஆன்லைன் கோர்ஸ், அதாவது ஒரு வகுப்புக்கு மட்டும் மூடி நடத்துற சின்ன ஆன்லைன் கோர்ஸ். 2013-ல கலிஃபோர்னியாவுல பெர்க்லியைச் சேர்ந்த அர்மாண்டோ ஃபாக்ஸ் வச்ச பேர். எழுத்து ஒண்ணு, ஆள் வேற. மென்டர்ங்கிறவர் காலேஜ்ல உங்க கூட நின்னு, அசைன்மென்ட் போட்டியான்னு கேக்குற ஆசிரியர். டிஏ, அதாவது டீச்சிங் அசிஸ்டென்ட், கோர்ஸ் நடத்துற இடத்துலேருந்து சந்தேகத்துக்குப் பதில் சொல்றவர். பாடத்துல சந்தேகம்னா டிஏ. தேதி, கட்டணம், கிரெடிட்னா ஸ்பாக். என் தங்கச்சி கேட்ட கேள்விக்குச் சரியான ஆள் அவங்க காலேஜ் ஸ்பாக். அவ என்கிட்ட கேட்டா. நான் தெரிஞ்ச மாதிரி பதில் சொன்னேன்.

ஓப்பனுக்கு இன்னொரு அர்த்தம்

கடைசியா ஒண்ணு. யார் வேணா சேரலாம்ங்கிறது ஓப்பனோட ஒரு அர்த்தம். யார் வேணா எடுத்துப் பயன்படுத்தலாம்ங்கிறது இன்னொண்ணு. எம்ஐடி தன் பாடங்களை ஓப்பன்கோர்ஸ்வேர்ங்கிற பேர்ல இணையத்துல போடப் போறோம்னு 2001-ல அறிவிச்சுச்சு. அந்தப் பாடங்களை எடுத்து மொழிபெயர்க்கலாம், மாத்தலாம், பகிரலாம். நிபந்தனை மூணு: யாரோடதுன்னு சொல்லணும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாத்தினதையும் அதே உரிமத்துல வெளியிடணும். இந்த மாதிரி உரிமங்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ்னு பேர். பல தனியார் தளங்கள்ல சேருறது இலவசமா இருக்கும், ஆனா வீடியோவை எடுத்துத் தமிழ்ல மாத்திப் போட அனுமதி கிடையாது. நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்குன்னு ஏதாவது செய்யணும்னு ஆசைப்படுறவங்க இந்த ரெண்டாவது அர்த்தத்தைத்தான் முதல்ல தேடணும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

சுருக்கமா சொல்றேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

1. எது இலவசம்: பாடமா, பரீட்சையா, சான்றிதழா?
2. பரீட்சைக்குத் தனிப் பதிவு உண்டா? கடைசி தேதி என்ன?
3. கோஹார்ட்டா, செல்ஃப்-பேஸ்ட்டா? எத்தனை அசைன்மென்ட் விடலாம்?
4. பரீட்சை எங்க? வீட்டுலயா, மையத்துலயா?
5. தேர்ச்சிக்கு மொத்த மார்க் மட்டுமா, தனித்தனிக் குறைந்தபட்சமும் உண்டா?
6. கிரெடிட் வேணும்னா, காலேஜ் சம்மதத்தை எழுத்துல வாங்கியாச்சா?

என்னை மாதிரி கோர்ஸ் கட்டுறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆறுக்கும் பதிலை முதல் பக்கத்துலயே, தமிழ்ல, பெரிய எழுத்துல போடுங்க. நமக்குப் பழகின சொல் எல்லாருக்கும் பழகினதுன்னு நெனைக்காதீங்க. நான் நெனச்சேன். அதுக்கு இன்னொருத்தி 12 வாரத்தைக் கொடுத்தா.

அவ என்னைத் திட்டவே இல்ல. "பரவால்லண்ணே, பாடம் படிச்சேன்ல"ன்னா. அதே கோர்ஸ் இந்த ஜனவரியில திரும்ப வந்துச்சு. முதல் வாரத்துலேருந்து மறுபடி ஆரம்பிச்சிருக்கா. போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு ரசீது அனுப்பினா. கீழ ஒரே ஒரு வரி: "இது ரெஜிஸ்ட்ரேஷன்ணே, என்ரோல் இல்ல."